சுவர் இழந்த கிருமியும் நான் எழுதாத ஒரு வரியும்

ஆய்வகப் பணியாளர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நித்யா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நித்யா என்னிடம் பயிற்சி பெற்றவள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே மருத்துவமனை ஆய்வகத்தில் இப்போது நுண்ணுயிரியல் பிரிவைக் கவனித்துக்கொள்கிறாள். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாவற்றிலும் எழுதியவர் மட்டும் சரியாக இருப்பார், மற்றவர்கள் தவறியிருப்பார்கள். அதைச் சொல்லித்தான் மறுத்தேன். அவள் போனை வைக்காமல் வேறு ஒரு விஷயத்துக்குப் போனாள்.

"சார், புது மெஷின் வந்திருக்குதில்ல, சாம்பிள்ல இருக்கிற கிருமியோட மரபணுவ நேரா தேடுமே, அது. நேத்து ஒரு யூரின் சாம்பிள். மெஷின் ஈ-கோலை இருக்குதுன்னு சொல்லுது. ப்ளேட்ட பார்த்தா சுத்தமா ஒண்ணுமே வளரல. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு டாக்டர் கத்திக்கினு இருக்காரு. ரிப்போர்ட்ல எத எழுதறது?"

"ரெண்டையும் எழுது," என்றேன்.

"ரெண்டையும் எழுதினா லேபுக்கே ஒண்ணும் தெரியலன்னு நினைப்பாங்க சார்."

"நினைக்கட்டும். எழுது."

"நீங்கதான் கிளாஸ்ல சொல்லுவீங்களே சார், அந்தக் காலத்துல நீங்க கண்டுபிடிச்சத பெரிய டாக்டர் எழுத விடலன்னு. அதையே மலருக்கு எழுதிக் குடுங்களேன். இப்ப இருக்கிற பசங்களுக்கு யூஸ் ஆவும்."

அந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி பொய் என்று சொல்வதற்காகத்தான் இப்போது எழுத ஒப்புக்கொண்டேன்.

படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளூரில் பட்டப்படிப்பு, சென்னையில் நுண்ணுயிரியலில் முதுகலை, அங்கேயே ஒரு பெரிய ஆய்வகத்தில் கொஞ்ச காலம் சம்பளமில்லாத வேலை. பிறகு காஞ்சிபுரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் இடம் கிடைத்தது. மீதி வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே அறையில், ஒரே ஜன்னலுக்குப் பக்கத்தில் கழிந்தது.

ஆய்வகத் தலைவர் டாக்டர் தேசிகன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்தே வருவார். கதவுக்கு வெளியே செருப்பை மாற்றிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கை தானாகக் காயும் வரை நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டோம். தரை துடைக்கும் பெண்மணி உட்பட எல்லோரையும் 'வாங்கோ, போங்கோ' என்றுதான் அழைப்பார். திட்டியே பார்த்ததில்லை. யாராவது மோசமாகச் சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டை அந்த ஆளுடைய மேசையிலேயே வைப்பார். அதன் பக்கத்தில் தாம் சாயம் ஏற்றிய ஒன்றையும் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிட இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

கிருமி வளர்க்கும் தட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். அறிக்கையில் 'ஒருவேளை' என்ற சொல் இருந்தால் பேனாவால் அடித்துவிடுவார்.

"அது ஜோசியக்காரா வார்த்தை, பூபாலன். தட்டு சொன்னதை எழுதுங்கோ. உங்க அபிப்பிராயத்தை ஆத்துல போய்ச் சொல்லுங்கோ, அங்கேயாவது யாராவது கேக்கறாளான்னு பார்ப்போம்."

அவருக்குப் பிடித்த மாணவன் நான்தான். அதற்குக் காரணம் ஓர் அலசல்.

எங்கள் மருத்துவமனைக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து நிறைய தறிக்காரக் குடும்பத்தினர் வருவார்கள். அவர்களுடைய சிறுநீர் மாதிரிகள் பெரும்பாலும் அடர்த்தியாக, உப்புப் படிகங்கள் நிறைந்து, கலங்கலாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் படிகங்கள்தான் தெரியும், மற்றது தெரியாது. நான் ஒரு வழி கண்டேன். சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை அலசி, மறுபடியும் சுழற்றி எடுத்தேன். படிகங்கள் பெரும்பாலும் கரைந்து போயின. சீழ் அணுக்கள் உப்பிக்கொண்டாலும் அடையாளம் தெரிந்தன. தட்டில் விதைப்பதையும் அந்த அலசிய வண்டலிலிருந்தே செய்தோம். தேசிகன் ஜன்னலருகே நின்று பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லை வேறு யாரும் வாங்கியதாக நினைவில்லை. அன்று முதல் அலசல் எங்கள் ஆய்வகத்தின் வழக்கமானது. வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தோம். வேறு எந்த ஊரிலும் இப்படிச் செய்வதில்லை என்பதே எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஏன் செய்வதில்லை என்று நான் யோசிக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பெண் சரளா முதலில் வந்தபோது அவளை எனக்குத் தனியாக நினைவு வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை. காய்ச்சல், இடுப்புக்கு மேலே வலி, சிறுநீரில் எரிச்சல். தட்டில் ஈ-கோலை தாராளமாக வளர்ந்தது. பொது மருத்துவர் டாக்டர் மோகன் பென்சிலின் குடும்பத்து மருந்தை ஊசியாகப் போட்டார். சரியாகிப் போனாள். பிறகு திரும்ப வந்தாள். மறுபடியும் அதே கிருமி, அதே மருந்து. அதற்கடுத்த முறை, மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் குறையாமல் மாதிரி அனுப்பினார்கள். சீழ் அணுக்கள் ஏராளம். தட்டில் ஒன்றும் இல்லை. 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினேன். அடுத்த முறையும் அப்படியே. சீழ் இருக்கிறது, கிருமி இல்லை.

மாதிரி வாங்கும் ஜன்னலில் அவளிடம் பேசியிருக்கிறேன்.

"மறுபடியும் வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன் சார். வராத எங்க போறது? உக்காந்தா தறி, எழுந்தா திட்டு. இங்கதான் யாரும் திட்றதில்ல."

"தண்ணி நல்லா குடிக்கிறியா?"

"குடிச்சா எழுந்துக்கணும் சார். நான் எழுந்தா அவரு நாடாவக் கையில வச்சிக்கினு அப்படியே உக்காந்திருப்பாரு. கோர்வைன்னா சும்மாவா?"

கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், கரைக்கு ஒருவர் தனியாக நாடா, அதாவது ஊடிழை ஓட்டும் கட்டை, தள்ள வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் கை நின்றுவிடும். கழிப்பறை நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாகப் பின்கட்டில் இருந்தது. சரளா பக்கத்துக் கிராமமான கூரத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் குழித்தறியில் உட்காரக் கற்றாள்.

"ஒரு தபா எழுந்தாப் போதும் சார், மாமியாரு பாட்டு ஆரம்பிச்சிடும். 'கழனிக்காட்டுக் காலு, நிக்கத்தான் தெரியும், உக்காரத் தெரியாது'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் மின்சாரம் போய், நீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஓடவில்லை. இருப்பில் இருந்த நீரும் தீர்ந்துவிட்டது. அன்று வந்த மாதிரிகளில் சரளாவுடையதும் ஒன்று. அலசாமல், சாயமும் ஏற்றாமல், ஒரு சொட்டை அப்படியே கண்ணாடியில் வைத்தேன். மின்சாரம் இல்லாததால், ஆடி பதித்த பழைய நுண்ணோக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, ஒளியைக் குறைத்துக்கொண்டேன். படிகங்களுக்கு நடுவே உருண்டைகள் தெரிந்தன. சோப்பு நுரையின் குமிழிகள் போல, ஒன்றுக்கொன்று அளவு மாறி, மெல்லிய ஓரத்தோடு இருந்தன. கோல் வடிவக் கிருமி ஒன்றுகூட இல்லை.

கொழுப்புத் துளியாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மறுநாள் வடித்த நீர் வந்ததும் மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சினேன். நீர் மெல்ல உள்ளே பரவியது. அது தொட்ட இடத்தில் உருண்டைகள் ஒவ்வொன்றாக உப்பின. பிறகு இல்லாமல் போயின. சீழ் அணுக்கள் மட்டும் மிச்சம். கொழுப்புத் துளி தண்ணீர் பட்டு மறையாது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிப்பவர்களில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான ஒரு சுவர் உண்டு. சைக்கிளில் டியூபை டயர் பிடித்துவைத்திருப்பது போல அந்தச் சுவர்தான் அதன் உடலை வெடிக்காமல் பிடித்துவைத்திருக்கிறது, அதற்கு வடிவம் தருகிறது. பென்சிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கின்றன. சுவர் போனால் பெரும்பாலான கிருமிகள் வெடித்துச் சாகும். ஆனால் சுற்றியிருக்கும் நீர் அடர்த்தியாக, உப்பு மிகுந்திருந்தால், சில கிருமிகள் சுவரில்லாமலே உருண்டையாகி உயிர் வாழும். சுவர் இல்லாததால் அந்த மருந்து அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. நாம் வழக்கமாக வளர்க்கும் தட்டிலும் அவை வளராது. மருந்து நின்றதும் சுவரைத் திரும்பக் கட்டிக்கொண்டு பழைய கோல் வடிவத்துக்கு வந்துவிடும். இதை முதுகலையில் ஒரு பக்க அளவு படித்திருந்தேன், தேர்வுக்கு எழுதியும் இருந்தேன்.

தண்ணீர் குடிக்காத ஒருத்தியின் அடர்ந்த சிறுநீரைவிட அவற்றுக்கு வேறு நல்ல இடம் கிடையாது. சரளாவின் உடலில் அவை பிழைத்திருந்தன. என் ஆய்வகத்துக்கு வந்ததும் என் அலசலில் செத்தன. அதன் பிறகு நான் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினேன்.

யாரிடமும் சொல்லாமல் இந்தக் கிருமி வளரத் தனி ஊடகம் தயாரித்தேன். அகரில் சர்க்கரையும் உப்பும் கூடுதலாகச் சேர்த்தேன். ஆட்டு ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சூடுபடுத்தி ஊற்றினேன். சுவரைத் திரும்பக் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் பென்சிலினும் கலந்தேன். அலசாத சிறுநீரை விதைத்தேன். விதைக்காத தட்டுகளையும் கூடவே வைத்தேன். வழக்கமாக இரண்டாம் நாள் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவோம், இவற்றை விட்டுவைத்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தபோது, நடுவில் தடித்து அகருக்குள் இறங்கி ஓரம் மெலிந்த சிறு கூட்டங்கள் தெரிந்தன. பொரித்த முட்டை என்று புத்தகங்கள் சொல்வது போலவே இருந்தன. பென்சிலின் இல்லாத தட்டுகளுக்கு அவற்றை மாற்றி மாற்றி வளர்த்தபோது, ஒரு கட்டத்தில் கோல்கள் திரும்ப வந்தன. ஈ-கோலைதான். எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதும் முதல் முறை வளர்ந்ததோடு ஒத்துப்போனது.

அப்போதுதான் தேசிகனிடம் கொண்டுபோனேன்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"படிச்சிருக்கேன். பார்த்ததில்லை," என்றார். "காத்துலேர்ந்து விழுந்திருக்கலாமோ?"

"விதைக்காத தட்டுல ஒண்ணும் இல்ல சார்."

"நீங்க தொட்ட கையிலேர்ந்து?"

"அப்படின்னா விதைக்காத தட்டுலயும் வந்திருக்கணும். அதையும் நான்தான் தொட்டேன்."

வகுப்புகளில் நான் சொன்ன கதையில் இந்த இடம் வரை உண்மை. இதற்கு மேல், அவர் தலையை ஆட்டி மறுத்ததாகவும், 'தட்டில் வளராததை எழுதக் கூடாது' என்று கையெழுத்து மறுத்ததாகவும் சொல்வேன். நடந்தது அதுவல்ல.

"சரி, எழுதிடுங்கோ," என்றார் தேசிகன். "'வழக்கமான ஊடகத்தில் வளர்ச்சி இல்லை. சுவர் இழந்த வடிவங்கள் காணப்பட்டன. மருந்தை மாற்றிப் பார்க்கவும்.' ஒரு வரி போதும்."

"நீங்க கையெழுத்துப் போட்டா..."

"நான் இன்னிக்குக் காத்தாலதான் பார்த்தேன். நீங்க இத்தனை நாளாப் பார்த்துண்டிருக்கேள். பார்த்தவாதான் போடணும். யாராவது கேட்டா நான் பக்கத்துல நிக்கறேன்."

பிறகு அவரே சொன்னார். "அந்த அலசலை நான் பேஷ்னு சொன்னேன். அதையும் நிறுத்திடணும். தப்பு என் பேர்லயும்தான்."

எனக்கு இருந்த தடை எல்லாம் அத்துடன் நீங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும். நான் அதற்கு முன் டாக்டர் மோகனைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று டாக்டர்கள் டீ குடிக்கும் அறைக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க பூபாலன். லேப்ல முட்டை பொரிக்கிறீங்களாமே? எங்களுக்கெல்லாம் கிடையாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்க ஆரம்பித்தேன்.

"சுவர் இல்லாத கிருமியா? எங்க தெருவுல காம்பவுண்டு சுவர் இல்லாத வீடு நாலு இருக்குது. அதுக்கும் ஊசி போடச் சொல்வீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. மோகன் கெட்ட மனிதர் இல்லை. நான் கிளம்பும்போது கூடவே வராந்தாவுக்கு வந்து, தோளில் கைபோட்டு, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரப் போவுது. அடுத்த சீஃப் நீங்கதான்னு பேசிக்கிறாங்க. இந்த நேரத்துல ரிப்போர்ட்ல இப்படியெல்லாம் எழுதி மாட்டிக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு மனசுலதான் பிரச்சினை. தறியில உக்காரப் பிடிக்கல. நான் பார்த்துக்கிறேன்."

திரும்பி வந்து 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேசிகனிடம், இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பதவிக்கு ஆசைப்பட்டேன் என்றுகூட முழுக்கச் சொல்ல முடியாது. அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நாற்பதைத் தாண்டிய, முதுகலை படித்த ஒருவன் டீ அறைச் சிரிப்புக்குப் பயந்தான்.

அந்த அறிக்கையை வாங்க வந்தவர்கள் சரளாவும் அவள் கணவன் ஏகாம்பரமும் அவளுடைய அம்மாவும். அம்மா கூரத்திலிருந்து வந்திருந்தார். ஏகாம்பரம் தாளை வாங்கி மோகனிடம் காட்டிவிட்டு, சற்று நேரத்தில் திரும்ப ஜன்னலுக்கு வந்தான். கோபக்காரன் இல்லை, களைத்த மனிதன்.

"கிருமி இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு சார். மனசுதான் காரணமாம். முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய புடவை பாதியில நிக்குது. இவ இப்படி படுத்துக்கினா நான் என்ன பண்றது?"

"காய்ச்சல் அடிக்குதுன்னு தொட்டுப் பாருங்கன்னா தொட மாட்றாரு சார்," என்றாள் சரளா.

அவளுடைய அம்மா அவர்களை நகரச் சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காமல் கேட்டார்.

"சார், நீங்க படிச்சவரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. எம் பொண்ணு பொய் சொல்றாளா?"

தட்டுகள் எனக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தன.

"ரிப்போர்ட்ல எதுவும் இல்லம்மா," என்றேன்.

"அப்ப இல்லதானே?"

"ரிப்போர்ட்ல இல்ல."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். வெளியே மரத்தடியில் மகளிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. சரளா ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு முறை பார்த்தாள். நான் வேறு டப்பாவை எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே அந்தத் தட்டுகளை ஆட்டோகிளேவில் வைத்து அழித்தேன். ஆய்வகத்தில் யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

அவளைக் கூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், கரை நாடாவுக்கு ஏகாம்பரத்தின் தங்கை உட்காருகிறாள் என்றும், மருத்துவமனைக்கு வந்த அவர்கள் தெருக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் சென்னையின் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குத் தொலைபேசி வந்தது. தேசிகன் எடுத்தார். நினைவில்லாத நிலையில் சரளாவை அங்கே கொண்டுபோயிருந்தார்கள். ஒரு பக்கச் சிறுநீரகம் முழுக்கச் சீழ் கோத்து, அதை எடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. எடுத்ததில் ஈ-கோலை வளர்ந்திருக்கிறது. முன்பு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

"நாங்க எழுதினது 'வளர்ச்சி இல்லை'," என்றார் தேசிகன். 'பார்த்தது' என்று அவர்கள் கேட்டதற்கு 'எழுதினது' என்று பதில் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். என்னிடம் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, ஓய்வு பெறும் வரையிலும் பேசவில்லை. அவருக்குப் பிறகு நான்தான் தலைவரானேன். அதுவரை நிறுத்தப்படாமலே தொடர்ந்த அலசலை உப்புக்கரைசலுக்கு மாற்றினேன். காரணம் கேட்டவர்களிடம் படிகம் இப்போது அவ்வளவு வருவதில்லை என்றேன்.

நான் அந்த வரியை எழுதியிருந்தால் அவள் சிறுநீரகம் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மோகன் அறிக்கையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். வேறு மருந்தும் பலன் தராமல் போயிருக்கலாம். சுவர் இழந்த வடிவங்கள் உடலுக்குள் எவ்வளவு தீங்கு செய்கின்றன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாள் கேட்டது மருத்துவக் கேள்வி இல்லை. அதற்கான பதில் எனக்குத் தெரியும்.

தேசிகன் காலமான பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், இப்படிப்பட்ட வடிவங்களை நீங்கள் பார்த்ததுண்டா சார் என்று ஒரு மாணவன் கேட்டான். பார்த்தேன் என்றேன். ஏன் அறிக்கை கொடுக்கவில்லை என்றான். "தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வாய் சொல்லிவிட்டது. வகுப்பு என்னைப் பரிதாபத்தோடும் மரியாதையோடும் பார்த்தது. அது பிடித்திருந்தது. அடுத்த வகுப்பில் நானாகவே சொன்னேன். போகப் போக, அவர் திருத்தமாகப் பேசும் விதத்தையும் சேர்த்துக்கொண்டேன். மறுத்துப் பேச அவர் இல்லை. என் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்ன ஒரே மனிதரைத்தான் நான் அப்படிச் செய்தேன்.

நித்யாவுக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, முதலில் சரளாவிடம் சொல்லாமல் அச்சில் சொல்வது இன்னொரு கோழைத்தனம் என்று தோன்றியது. கூரத்துக்குப் பேருந்தில் போனேன். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். தம்பி வீட்டில் இருக்கிறாள். வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைச் சற்று நேரம் பார்த்தாள்.

"யூரின் டப்பா வாங்குற சாரா? வாங்க சார். ஆளே உருமாறிட்டீங்க."

முக்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று கிருமி இருந்தது, நான் பார்த்தேன், டாக்டர்கள் சிரித்தார்கள், அடுத்த சீஃப் நான்தான் என்ற பேச்சும் இருந்தது, எழுதச் சொல்லியும் எழுதவில்லை, உன் அம்மா கேட்டபோதும் சொல்லவில்லை.

மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தியிருந்தாள்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நீங்க கண்ணால பார்த்தீங்க?"

"பார்த்தேன்."

"சீஃப் ஆனீங்களா சார்?"

"ஆனேன்."

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கைத்துண்டை ஊசிக்கடியிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பதற்காக வந்தேன் என்றேன். அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அவரு நம்பாதது எனக்குப் பெருசா இல்ல சார். தறி நின்னா அந்த வூட்ல யாருக்கு யாரு? எங்கம்மாதான். ஆப்பரேஷன் ஆயி வந்தப்புறமாச்சும் நம்புவாங்கன்னு பார்த்தேன். கூடவே இருந்து எல்லாம் செஞ்சாங்க. கஞ்சி வச்சிக் குடுத்தாங்க, கால் பிடிச்சிவுட்டாங்க. ஆனா என்ன சொல்வாங்க தெரியுமா? 'முதல்ல நடிச்ச இல்ல, அதான்டி சாமி நெஜமாவே குடுத்துடுச்சு'ன்னு. 'லேபுல அந்த சாரே சொன்னாரே'ன்னு. கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க. கோவமா இல்ல. பாவப்பட்டுத்தான் சொல்வாங்க."

"அம்மா..."

"போன தையில போய்ட்டாங்க சார்."

பிறகு கைத்துண்டை எடுத்து மறுபடியும் ஊசிக்கடியில் வைத்தாள். நான் எழுந்தேன். அடுத்த பேருந்து எப்போது என்று அவளே சொன்னாள்.

அந்தத் தைக்கு முந்தைய ஐப்பசியில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் அந்த அம்மாளை நான் பார்த்தேன். பழக்கடை ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருந்தார். மிகவும் தளர்ந்திருந்தார், ஆனால் அடையாளம் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்து, யாரென்று யோசிப்பது போலக் கண்ணைச் சுருக்கினார். நான் அங்கே நின்ற வாலாஜாபாத் பேருந்தின் மறைவுக்குப் போய், அவருடைய பேருந்து கிளம்பும் வரை நின்றுகொண்டேன். கூரத்தில் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது இது ஒன்றை மட்டும் சரளாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.